லேபிள எடுத்துட்டு வெறும் கியூஆர் கோட் ஒட்டாதீங்க: வீட்ல ஜிஞ்சர் பீர், கொம்புச்சா போடறவங்க பண்ற தப்புங்க

போன வருஷம் மே மாசம், அந்த வெயில்ல, ஒரு ஜாடி ஜிஞ்சர் பீர் (இஞ்சியும் சர்க்கரையும் புளிக்க வெச்சு செய்யற பானம்) நாலு நாளா அசையவே இல்ல. மேல ஒரு குமிழி கூட கிடையாது. மெட்ராஸ் சூட்டுக்கு ரெண்டு நாள்லயே நுரைச்சு தள்ளணும். ஸ்டார்ட்டர் (புளிக்க வைக்க ஊத்தற ஈஸ்ட் கலவை) மேல தப்பில்ல, அதே ஸ்டார்ட்டர்ல போட்ட இன்னொரு ஜாடி நல்லா பொங்கிடுச்சு. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு தான், இந்த ஜாடில தெரிஞ்சவங்க ஒருத்தங்க வீட்ல செஞ்சு விக்கிற திராட்சை ஜூஸ ஊத்தியிருந்தேன். பாட்டில திருப்பி பாத்தா பேரு, விலை, ஒரு கியூஆர் கோட், அவ்ளோ தான். ஸ்கேன் பண்ணா பேஜ் திறக்கல. போன் போட்டு கேட்டதுக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது, சோடியம் பென்சோயேட் போட்டிருக்காங்க. உணவுல சேக்கற பொருளுக்கான ஐஎன்எஸ் நம்பர்ல அது 211. ஈஸ்ட், பூஞ்சை எதையும் வளர விடாம தடுக்கறது தான் அதோட வேலையே. மூணு லிட்டர் வீணாப்போச்சு, ஒரு வரி அச்சடிச்சிருந்தா அது நடந்திருக்காது.

அவங்க மேல எனக்கு கோவம் இல்ல, ஸ்டிக்கர் சின்னதா அழகா இருக்கணும்னு நெனச்சு பண்ணது. ஆனா இப்போ பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைன்னு நம்ம பக்கம் வீட்ல இருந்து விக்கிறவங்க நெறய பேர் இதே பாதைல போறாங்க, அதான் எழுதறேன். (சாராயம், ஒயின் பத்தி இங்க பேசல, அத வீட்ல போடறது 1937 மதுவிலக்கு சட்டப்படி குற்றம். நான் சொல்றது ஜிஞ்சர் பீர், டீய புளிக்க வெச்சு செய்யற கொம்புச்சா, ஆன்ட்டிங்க கிறிஸ்துமஸுக்கு காய்ச்சுற, பேர்ல மட்டும் ஒயினான ஜிஞ்சர் ஒயின், இந்த மாதிரி.)

முதல் தப்பு வாங்கற நம்மளோடது. ஜூஸ், சிரப், உலர் திராட்சை எதுவா இருந்தாலும் பின்னாடி படிக்காம வாங்கிடறோம். கோட் மட்டும் இருந்தா அப்புறம் வீட்டுக்கு போய் பாத்துக்கலாம்னு விட்டுடறோம், வீட்டுக்கு வந்ததும் மறந்துடறோம். புளிக்க வைக்கறவங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டிய நம்பர் கொஞ்சம் தான்: 202 பொட்டாசியம் சோர்பேட், 211 சோடியம் பென்சோயேட், 220ல இருந்து 224 வரைக்கும் சல்ஃபைட் வகை. சௌகார்பேட்டைல வாங்கற தங்க கலர் கிஸ்மிஸ் அந்த கலர்லயே நிக்கறதுக்கு கந்தகப் புகை தான் காரணம், அதுவும் ஈஸ்ட மந்தமாக்கும். அத விட முக்கியம், ஆஸ்துமா இருக்கற சில பேருக்கு சல்ஃபைட் மூச்சிறைப்ப கெளப்பி விடும். வாங்கி குடிக்கிறவங்களுக்கு ஆஸ்துமா இருக்கான்னு நமக்கு எப்படி தெரியும்?

அடுத்து, கோட்ட பாத்தா எல்லாரும் விவரம்னு நெனைப்பாங்கன்னு நம்பறது. நம்ம ஊர்ல டீக்கடைலேர்ந்து காசிமேடு மீன் கடை வரைக்கும் கியூஆர்னா காசு கட்டறது தான். எங்க தெரு அக்கா ஒருத்தங்க என் பாட்டில ஜிபேல ஸ்கேன் பண்ணிட்டு "தம்பி காசு போகலயே"ன்னு வந்து நின்னாங்க. கீழ் வீட்டு பாட்டி கிட்ட பட்டன் போன் தான் இருக்கு. அவங்களுக்கு சுகர் வேற, அவங்களுக்கு தான் சர்க்கரை எவ்ளோன்னு மொதல்ல தெரியணும், அவங்களால தான் பாக்க முடியாது.

லிங்க் விஷயத்துல தான் நெறய பேர் மாட்டறாங்க. கோட் ரெண்டு வகை. ஒண்ணுல விவரமே, இல்ல நேரடி முகவரி, கோட்டுக்குள்ளயே இருக்கும், அது கோட் இருக்கற வரைக்கும் மாறாது. இன்னொண்ணுல நடுவுல ஒரு குட்டி லிங்க் இருக்கும், அது கோட் செஞ்சு குடுத்த கம்பெனி சர்வருக்கு போய் அங்கேர்ந்து உங்க பேஜுக்கு தள்ளி விடும். இலவசம்னு ஆரம்பிக்கற ஆப் பாதி இந்த ரெண்டாவது வகை, ட்ரையல் முடிஞ்சதும் பணம் கட்டலன்னா உங்க பாட்டில்ல ஒட்டின அத்தன கோடும் செத்துப்போகும். என் திராட்சை ஜூஸுக்கு நடந்தது அது தான்.

சரி, விவரத்த கோட்டுக்குள்ளயே தமிழ்ல போட்டுடலாம்னா அதுலயும் ஒரு சிக்கல். தமிழ்ல எழுத்துக்கும் கொக்கிக்கும் புள்ளிக்கும் தனித்தனியா மூணு மூணு பைட் (கோட்ல இடத்த அளக்கற கணக்கு) போகும். இஞ்சின்னு எழுதினா 15 பைட், அதையே இங்கிலீஷ்ல எழுதினா 6. ஒரு கோட்ல அதிகபட்சம் 2,953 பைட் தான், அதுக்கு பக்கத்துலயே போனா கட்டம் எல்லாம் எறும்பு மாதிரி சின்னதாகி பாட்டில் வளைவுல எந்த போனும் படிக்காது. இதுல ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்ததும் பாட்டில் வேர்த்து இங்க் கசியும், பில் மிஷின்ல அடிச்ச ஸ்டிக்கர்னா சூட்டுக்கே மங்கிடும். கோட்ட செய்யும்போது பிழை திருத்தற அளவ உச்சத்துல வெச்சா 30% வரைக்கும் அழிஞ்சாலும் படிக்கும், ஆனா சுத்தி வெள்ளை ஓரம் விடாம டிசைன்குள்ள சொருகிட்டா அதுவும் உதவாது.

ஒரே கோட்ட எல்லா பேட்ச்சுக்கும் ஒட்டறதும் தப்பு. இந்த வாரம் சர்க்கரைக்கு பதிலா வெல்லம் போட்டீங்க, பேஜ்ல பழைய அளவே இருக்கு. இது சும்மா சோம்பேறித்தனம், தேதி போட்டு மாத்துங்க.

இருக்கறதுலயே பெரிய தப்பு, உசுரு சம்பந்தப்பட்டத கோட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கறது. ஜிஞ்சர் பீர் பாட்டில்ல அடைச்ச பிறகும் புளிச்சிட்டே தான் இருக்கும், கேஸ் சேரும், வெளிய வெச்சா கண்ணாடி பாட்டில் வெடிக்கும். "ஃபிரிட்ஜ்ல வைங்க, மெதுவா திறங்க"ன்னு பெருசா மேலயே இருக்கணும், அத யாரும் ஸ்கேன் பண்ணி படிக்க மாட்டாங்க. அதே மாதிரி, புளிச்சதுல இயற்கையாவே கொஞ்சூண்டு ஆல்கஹால் உருவாகும். குழந்தைங்களுக்கு குடுக்கறவங்க, மாசமா இருக்கறவங்க, மதப்படி தொடாதவங்க, எல்லாருக்கும் வாய்ல வைக்கறதுக்கு முன்னாடி இது தெரியணும். முஸ்லிம் குடும்பங்க நெறய இருக்கற மண்ணடியில ஒரு வீட்டுக்கு பாட்டில் குடுக்கும்போது இத சொல்லாம விட்டா அது நம்பிக்கை துரோகம், நான் அப்படி தான் பாக்கறேன்.

கோட்டே வேணாம்னு சொல்லல. என் கூட புளிக்க வைக்கற பசங்க சில பேர் கோட் தான் நல்லதுன்னு சொல்றாங்க, ஸ்டார்ட்டர் எத்தன நாள் பழசு, எந்த டீத்தூள், என்னைக்கு அடைச்சதுன்னு முழு கதையும் போடலாமேன்னு. அது நியாயம், எனக்கும் அடுத்தவங்க குறிப்ப படிக்க ஆசை தான். கண்ணு தெரியாதவங்களுக்கு போன் படிச்சு காட்டும்னு தான் 2023ல மத்திய உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயும் பாக்கெட்ல கோட் சேக்க சொல்லி பரிந்துரை பண்ணுச்சு. சேக்க தான் சொன்னாங்க. 2020 லேபிள் விதிப்படி என்னென்ன போட்டிருக்குங்கறத எடை அதிகமானதுலேர்ந்து வரிசையா அச்சடிக்கணும், சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராம் இல்ல அதுக்கு மேல இருந்தா அதையும் சொல்லணும். ஐரோப்பால 2023 டிசம்பர் 8லேர்ந்து ஒயினுக்கு மூலப்பொருள் பட்டியல கோட்ல குடுக்கலாம்னு விட்டாங்க, அங்கயும் அலர்ஜி தர்ற பொருளும் கலோரியும் பாட்டில்லயே இருக்கணும், அந்த பேஜ்ல விளம்பரம் கூடாது, ஸ்கேன் பண்றவங்க விவரத்த சேகரிக்கவும் கூடாது. நம்ம ஆளுங்க கோட்ட திறந்தா முதல்ல வாட்ஸ்அப் குரூப் லிங்க், அப்புறம் ஆஃபர், கடைசில தான் என்ன போட்டிருக்குன்னு வருது. அத மாத்துங்க.

என் பாட்டில்ல இப்போ தமிழ்ல அஞ்சு வரி இருக்கு: தண்ணி, சர்க்கரை, இஞ்சி, எலுமிச்சை, அடைச்ச தேதி. கீழ செவப்புல ஃபிரிட்ஜ் வரியும் ஆல்கஹால் வரியும். ஓரத்துல கோட், பக்கத்துலயே "இது காசு கட்டறதுக்கு இல்ல, விவரத்துக்கு".

அந்த ஜூஸ்காரங்க போன மாசம் குடுத்த பாட்டில்ல கருப்பு மார்க்கர்ல "211 போட்டிருக்கு"ன்னு கையாலயே எழுதியிருந்தாங்க. நான் அத ஜாடில ஊத்தல, ஐஸ் போட்டு வீட்ல எல்லாரும் குடிச்சோம்.