பட்டறையின் உட்சுவருக்கு எந்தப் பெயிண்ட்?

வீட்டின் பின்புறம் மரவேலைக்கோ வெல்டிங்குக்கோ ஒரு கொட்டகை எழுப்புகிறவர்கள், வீட்டுக்கு அடித்து மீந்த பெயிண்டையே அதன் சுவருக்கும் அடித்துவிடுவதுண்டு. கூடத்துச் சுவரில் எண்ணெய்க் கையை ஊன்றுவோர் இல்லை. பட்டறைச் சுவரிலோ எண்ணெய்க் கறையும், மரத்தூளும், சாய்த்து வைத்த இரும்புக் குழாயின் உராய்வும் அன்றாடம் படும்.

நிறம், விலை ஆகியவற்றுக்கு முன்னதாகப் பார்க்க வேண்டியது ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரோடு டேப்பால் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நீர் துளிர்த்திருந்தாலோ, சுவரடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தாலோ, அந்தச் சுவருக்கு எண்ணெய் சேர்ந்த எனாமல் பெயிண்ட் உதவாது. ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு கொப்பளித்துத் தோலாக உரியும். ஓதத்தின் காரணத்தைச் சரிசெய்ய இயலாதவரை, அங்கே சுண்ணாம்புதான் ஏற்றது. அது ஈரத்தை மூச்சு விடுவதுபோல வெளியேற்றும், காரத்தன்மையால் பூஞ்சையையும் எளிதில் அண்டவிடாது. சட்டையில் ஒட்டும் என்பதும், பின்னாளில் தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பெயிண்டுக்கு மாற நினைத்தால் முழுவதையும் சுரண்டியாக வேண்டும் என்பதும் அதன் குறைகள். பூசாத ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் சிமெண்ட் பெயிண்ட் மலிவாக முடியும். ஆனால் சுவரை நனைத்த பின்பே அதை அடித்து, அதன் பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளித்து இறுக விட வேண்டும். பலர் இந்த இரண்டாவது வேலையை விட்டுவிட்டு, தூளாக உதிர்கிறது என்று பெயிண்டைக் குறை சொல்கிறார்கள்.

புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவரைக் குறைந்தது 28 நாட்களாவது ஆறவிட வேண்டும். புதுப் பூச்சில் உள்ள காரம், எனாமலில் இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து அதைச் சவர்க்காரம்போலப் பிசுபிசுப்பாக்கிவிடும். ஆறிய பிறகும், பெயிண்டுக்கு அடியில் பூசும் சிமெண்ட் பிரைமர் ஒரு கோட் அவசியம். சுவரை வழவழப்பாக்கும் புட்டிக்குச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு பலகையின் முனை இடித்தாலே சில்லு சில்லாகப் பெயரும் வழவழப்பு பட்டறைக்கு எதற்கு?

உலர்ந்த சுவரை உயரத்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்வது பழைய லேத் பட்டறைகளில் காணும் முறை. இன்றும் அதைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை. கையும் பொருளும் படுகிற கீழ் நாலரை அடிக்குச் சாம்பலோ இளம்பச்சையோ எனாமல் அடித்தால், சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் கறையைத் துடைத்துவிடலாம். அதற்கு மேலே பளபளப்பில்லாத (மேட்) வெள்ளை எமல்ஷன் போதும்; குழல்விளக்கின் வெளிச்சம் கூசாமல் பரவி, அளவுகோலின் கோடுகள் தெளிவாகத் தெரியும். மரப்பட்டறையில் மட்டும் மேலேயும் சற்றுப் பளபளப்பான எமல்ஷனைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் சொரசொரப்பான சுவரில் மெல்லிய தூள் தங்கிவிடும்.

வெல்டிங் செய்யும் மூலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பளபளப்பு எந்த உயரத்திலும் கூடாது. வெல்டிங் சுடரிலிருந்து (ஆர்க்) வரும் புற ஊதாக் கதிர் சுவரில் பட்டுத் திரும்பி, முகமூடிக்குள் பின்புறமாக நுழையும். அலுமினியப் பெயிண்ட் இதில் மிகவும் மோசம். வெள்ளை நிறத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை, வெள்ளைப் பெயிண்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு அக்கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே மேட் வெள்ளையோ மேட் சாம்பலோ பாதுகாப்பானவை.

வாங்கும்போது டப்பாவில் ஈய அளவைப் பாருங்கள். வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் வாங்கி மூலையில் கிடக்கும் பழைய எனாமலைப் பயன்படுத்தாதீர்கள். எனாமலில் கலந்த டர்பன்டைன் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், அடிக்கும் நாளிலும் மறுநாளும் கதவு சன்னல்களைத் திறந்து வைத்து, வாசனை முற்றிலும் போகும்வரை கிரைண்டரையும் வெல்டிங்கையும் நிறுத்தி வையுங்கள்.