க்ரூட் ஆயில் எந்தப் பாறைல பொறந்துச்சு? லேப்ல கண்டுபிடிக்கிற விதம்

கிணத்துல எண்ணெய் வந்துடுச்சு, சரி, அது எந்தப் பாறைல வெந்து வந்துச்சு? லேப்புக்கு புதுசா வர்ற பசங்க முதல்ல கேக்கறது இதான், அதனால நான் செய்யற வரிசையிலயே சொல்லிடறேன்.

முதல்ல சாம்பிள். கண்ணாடி பாட்டில், டெஃப்லான் மூடி, வேற எதுவும் வேணாம். ஆரம்பத்துல நான் ஒரு தடவ பிளாஸ்டிக் கேன்ல வாங்கிட்டு வந்து, சார்ட்ல தாலேட் (பிளாஸ்டிக்லேர்ந்து கசியற ரசாயனம்) பீக் கம்பம் மாதிரி நிக்க, புது பயோமார்க்கர் (பழைய உயிர்கள் எண்ணெய்ல விட்டுட்டுப் போன அடையாள மூலக்கூறு) கெடச்சிடுச்சுன்னு ரெண்டு நாள் குஷியா சுத்தினேன்.

அப்புறம் ஏபிஐ கிராவிட்டி (எண்ணெய் எவ்ளோ லேசுன்னு சொல்ற நம்பர்), சல்ஃபர், அதாவது கந்தகம். ஏபிஐக்கு 141.5ஐ ஒப்படர்த்தியால வகுத்து 131.5 கழிங்க, அவ்ளோதான். சல்ஃபர் ஜாஸ்தினா சுண்ணாம்புப் பாறைய சந்தேகப்படலாம், ஏன்னா களிமண்ல இருக்கற இரும்பு கந்தகத்த புடிச்சு பைரைட்டா மாத்திடும், சுண்ணாம்புல இரும்பு கம்மி, கந்தகம் நேரா எண்ணெய்க்குள்ள போயிடும்.

இப்போ ஹெக்சேன் ஊத்தி அஸ்ஃபால்ட்டீன (தார் மாதிரி கனமான பகுதி) வடிகட்டி எடுத்துட்டு, மிச்சத்த சிலிக்கா காலம்ல விட்டு சாச்சுரேட்ட (இரட்டைப் பிணைப்பு இல்லாத ஹைட்ரோகார்பன்) தனியா பிரிச்சு ஜிசில, அதாவது மூலக்கூறுகள ஒண்ணொண்ணா பிரிக்கற கேஸ் குரோமட்டோகிராஃப்ல போடுங்க. சார்ட் சீப்புப் பல்லு மாதிரி வரும், ஒவ்வொரு பெரிய பல்லும் ஒரு நேர் கார்பன் சங்கிலி. 17 கார்பன் பல்லுக்கு ஒட்டுனாப்ல பிரிஸ்டேன், 18க்கு ஒட்டுனாப்ல ஃபைட்டேன், ரெண்டும் பெரும்பாலும் பச்சையத்தோட வாலுலேர்ந்து வந்ததுங்க. பிரிஸ்டேன ஃபைட்டேனால வகுத்தா 3க்கு மேலன்னா ஆக்சிஜன் பட்ட எடத்துல விழுந்த தாவரக் குப்பையா இருக்கலாம், 0.8க்கு கீழன்னா ஆக்சிஜனே இல்லாத, அனேகமா உப்பான தண்ணி. பல்லெல்லாம் கொட்டி அடில மேடு மட்டும் தெரிஞ்சா பாக்டீரியா தின்னுடுச்சுன்னு அர்த்தம், அப்போ இந்த ரேஷியோவும் சல்ஃபர் கணக்கும் கையக் கடிக்கும்.

நெஜமான வேல ஜிசி-எம்எஸ்லதான், அதாவது ஜிசியோட மூலக்கூற உடைச்சு துண்டுகளோட எடையப் பாக்கற மெஷினும் சேந்தது. 191 எடை அயான்ல (மின்னூட்டத் துண்டு) ஹோப்பேன், 217ல ஸ்டெரேன் பாப்போம்; முதலாவது பாக்டீரியாலேர்ந்து, ரெண்டாவது பாசி, செடி மாதிரி உயிர்கள்லேர்ந்து வந்த பயோமார்க்கர். ஓலியனேன்ங்கற பயோமார்க்கர் வந்தா பூக்கிற செடி கலந்த பாறை, கிரிட்டேசியஸ் (டைனோசர்களோட கடைசிக் காலம்) அல்லது அதுக்கு அப்புறம்தான், நைஜர் டெல்டா எண்ணெய்ல இது நல்லாவே தெரியும். கம்மாசெரேன்ங்கற இன்னொரு பயோமார்க்கர் நிறைய இருந்தா தண்ணி அடுக்கடுக்கா பிரிஞ்சு நின்ன எடம்.

ஆனா ஒரே ஒரு நம்பர வச்சு ஜாதகம் எழுதிடாதீங்க. ஸ்காட்லாந்து பக்கம் மோரே ஃபெர்த்ல 1976ல கண்டுபிடிச்ச பீட்ரிஸ் எண்ணெய எடுத்துக்கோங்க. வட கடல்ல எண்ணெய்னாலே கிம்மரிட்ஜ் களிமண்ணுதான் அம்மான்னு சொல்லிடுவாங்க, ஆனா அந்த இடத்துல கிம்மரிட்ஜ் இன்னும் சரியா வேகவே இல்ல, பீட்ரிஸ் எண்ணெயோ மெழுகு மெழுகா, சல்ஃபர் கம்மியா இருக்கு. 125 அயான போட்டா பீட்டா-கேரோட்டேன் நிக்குது (கேரட்டுக்கு கலர் குடுக்கற சரக்கோட ஹைட்ரஜன் ஏறின சொந்தக்காரன்!), அதே சரக்கு டெவோனியன் (டைனோசருக்கும் முந்தின காலம்) காலத்து ஏரிப் பாறைலயும் இருக்கு. இத மட்டும் பாத்தா அந்த ஏரிப் பாறைதான் அம்மான்னு முடிச்சிடுவோம்.

அதனால கடைசி ஸ்டெப்ப விட்டுடாதீங்க, பாறை. ராக்-எவால்ல (பாறைய சூடாக்கிப் பாக்கற மெஷின்) போட்டு டீமேக்ஸ், அதாவது அந்தச் சூட்டுல ஹைட்ரோகார்பன் உச்சமா வர்ற வெப்பநிலை, 435 டிகிரி செல்சியஸ் கிட்ட தாண்டிருக்கான்னு பாருங்க, தாண்டிருந்தா பொதுவா எண்ணெய் ஆகற அளவுக்கு வெந்துருக்கும். அப்புறம் அதே பாறைய பொடிச்சு, சால்வென்ட்ல ஊற வச்சு, வர்ற சாறுக்கும் எண்ணெய்க்கும் ஒரே டெஸ்ட், கார்பன் ஐசோடோப்போட (லேசான கார்பனும் கனமான கார்பனும் எந்த விகிதத்துல இருக்குன்னு) சேத்து. பீட்டர்ஸ்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு இப்படி பீட்ரிஸ் எண்ணெயையும் பாறையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து 1989ல சொன்னது, டெவோனியன் ஏரிப் பாறை மட்டும் இல்ல, மிடில் ஜுராசிக் பாறையும் இதுல கலந்துருக்கு, ஒரே எண்ணெய்க்கு ரெண்டு தாய்.