கருத்தடை மாத்திரை: கொலஸ்ட்ரால் சரியாக இருந்தால் போதுமா?

"கொலஸ்ட்ரால் நார்மல், அப்புறம் என்ன பயம்?" என்று மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். பி.பி. பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. இதுதான் முதல் தவறு. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையால் வரும் ஆபத்து பெரும்பாலும் கொழுப்பு வழியாக வருவதில்லை. ரத்தம் உறைவதும் ரத்த அழுத்தம் ஏறுவதுமே காரணம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பி.பி. பாருங்கள். 140/90 இருந்தால் இந்த வகை பொதுவாக ஏற்றதல்ல. 160/100 என்றால் கூடவே கூடாது. தொடங்கிய மூன்று மாதத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரையை மாற்றுவது. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, ரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடை ஏற்றும். நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லையும் ஏற்றும். மாத்திரையில் சேரும் புரொஜெஸ்டோஜனில் பல வகை உண்டு. அவற்றில் லெவோநார்ஜெஸ்ட்ரல் அந்த எச்.டி.எல்.லைக் கீழே இழுக்கும். டெசோஜெஸ்ட்ரல், டிராஸ்பைரினோன் அப்படி இழுப்பதில்லை. உடனே "இதுதான் இதயத்துக்கு நல்லது" என்று தாவக் கூடாது. ரிப்போர்ட்டில் அழகாகத் தெரியும் இவற்றில்தான் ரத்தக்கட்டு, அதாவது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பது, அதிகம். மாத்திரை எடுக்காத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டு வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் எடுப்பவர்களில் 5 முதல் 7 பேர். மற்ற இரண்டில் 9 முதல் 12 பேர். பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் இந்த ஆபத்து இன்னும் பல மடங்கு என்பதால், பயந்துபோய் எந்தக் கருத்தடையும் இல்லாமல் இருப்பதும் சரியல்ல.

டிரைகிளிசரைடு ஏற்கெனவே 500-ஐ நெருங்கியிருந்தால் கதை வேறு. அது மேலும் ஏறினால் கணையம் வீங்கக்கூடும். அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகளே பாதுகாப்பு.

இடையில் ஒரு மாதம் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குவதைப் பலர் "உடம்புக்கு ஓய்வு" என்கிறார்கள். ரத்தக்கட்டு ஆபத்து தொடக்க மாதங்களில்தான் உச்சம். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அந்த உச்சத்துக்கே திரும்புகிறோம்.

மருத்துவரிடம் மறைக்கவே கூடாதவை: 35 வயதைத் தாண்டியும் புகைபிடிப்பது, தலைவலிக்கு முன் கண்ணில் வளைந்து வளைந்து மின்னும் கோடுகள், குடும்பத்தில் இளவயதிலேயே யாருக்காவது வந்த ரத்தக்கட்டு. பெரிய அறுவை சிகிச்சை இருந்தால் நான்கு வாரம் முன்பே சொல்லி, வேறு கருத்தடைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணல் என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.