பி.எஸ்.ஏ. இப்போது யாருடையது? எழுதுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எஸ்.ஏ. என்றதும் நம் ஊரில் முதலில் ஞாபகம் வருவது சைக்கிள்தான். எஸ்.எல்.ஆர்., சேம்ப், லேடிபேர்ட் என்று ஒரு தலைமுறையே அதில் ஓட்டிப் பழகியது. ஆனால் அந்த மூன்றெழுத்தின் விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்யும் 14 பேர் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்தியதுதான் முத்திரை. துப்பாக்கியோடு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்த இந்தக் கம்பெனி பிற்காலத்தில் யார் யார் கைக்குப் போனது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

அதிகம் கண்ணில் படுவது, ‘பி.எஸ்.ஏ.வை மஹிந்திரா வாங்கிவிட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. மஹிந்திராவின் கிளாசிக் லெஜண்ட்ஸ் 2016-ல் சுமார் 28 கோடி ரூபாய்க்கு வாங்கியது, மோட்டார் சைக்கிளுக்கான பெயரை வைத்திருந்த பி.எஸ்.ஏ. கம்பெனி லிமிடெட்டை. இன்றைய கோல்டு ஸ்டார் 650 மோட்டார் சைக்கிள் அந்த வழியில் வந்தது. சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, துப்பாக்கிக்கும் இல்லை. சைக்கிள் பிரிவைத் தாய்க் கம்பெனி 1957-லேயே ராலே என்ற இன்னொரு சைக்கிள் கம்பெனிக்கு விற்றுவிட்டது. 1960-ல் ராலே, டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெரிய நிறுவனத்தோடு சேர்ந்தது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டு வைத்துத்தான் முருகப்பா குடும்பம் 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியிருந்தது. நம் ஊர் பி.எஸ்.ஏ. சைக்கிள் முருகப்பா குழுமத்திடம் இருப்பதன் பின்னணி இது. ஆகவே ‘யாருடையது’ என்று கேட்டால், எந்தப் பொருள், எந்த நாட்டில், எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லவே கூடாது.

அடுத்தது, ‘1973-ல் பி.எஸ்.ஏ. மூடப்பட்டது’ என்பது. அந்த ஆண்டு கம்பெனி தள்ளாடியது உண்மை. மோட்டார் சைக்கிள் நஷ்டம் கழுத்தை நெரிக்க, அரசின் பண உதவியோடு மாங்கனீஸ் பிரான்ஸ் என்ற நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. ஆனால் கழற்றி விற்பது அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. பி.எஸ்.ஏ. கையில் இருந்த பிரிட்டிஷ் டெய்ம்லர் கார் கம்பெனி 1960-ல் ஜாகுவாருக்குப் போனது. இயந்திரக் கருவிப் பிரிவு 1966-ல் ஆல்ஃபிரட் ஹெர்பர்ட் என்ற கம்பெனிக்கு. 1973-க்குப் பிறகு மோட்டார் சைக்கிள்கள் நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ஃப் என்ற புதுக் கம்பெனிக்குள் போயின. ஒரு காலத்தில் உலகிலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்த கம்பெனியின் பெயருக்கு அந்தப் பலகையில் இடமே கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே கைமாற்றத்தில் மாங்கனீஸ் பிரான்ஸிடம் வந்த இன்னொன்று, கோவென்ட்ரியின் கார்பாடீஸ். லண்டனின் கறுப்பு டாக்ஸியைச் செய்த பட்டறை அது. 2013-ல் அந்தத் தொழில் சீனாவின் ஜீலி கார் கம்பெனியிடம் போனது. துப்பாக்கித் தொழிலோ நின்றுவிடவில்லை. 1986-ல் அந்தப் பிரிவு திவாலானபோது ஸ்பெயினின் காமோ கம்பெனி அதை வாங்கியது. காற்றுத் துப்பாக்கிகள் பி.எஸ்.ஏ. பெயரிலேயே தொடர்ந்தன. 1861-ல் தொடங்கிய தொழிலின் நேர் வாரிசு யார் என்றால், என் கணக்கில் மஹிந்திரா அல்ல, அந்தத் துப்பாக்கிப் பிரிவுதான்.

என்ஃபீல்டோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. லண்டன் அருகே என்ஃபீல்டில் இருந்தது அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை, ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரின் தனியார் கம்பெனி, பி.எஸ்.ஏ. மூன்றாவது ஆள். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ–என்ஃபீல்டு ரைஃபிளை பி.எஸ்.ஏ.வும் லட்சக்கணக்கில் செய்ததால் வந்த வினை இது.

பொறித்திருக்கும் பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. முதல் உலகப்போர் கால லீ–என்ஃபீல்டின் வலப்பக்கம், பின்கட்டை வந்து சேரும் இரும்புக் கழுத்தைப் பாருங்கள்: மேலே கிரீடம், கீழே ‘பி.எஸ்.ஏ. கோ.’, ஆண்டு. இரண்டாம் உலகப்போரில் செய்த பலவற்றில் அந்தப் பெயர் இருக்காது. 1940 நவம்பர் 19 இரவு பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ.வின் ஸ்மால் ஹீத் ஆலையில் குண்டு விழுந்து 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். வேலை பல ஊர்களுக்குச் சிதறடிக்கப்பட்டது. பர்மிங்ஹாம் அருகே ஷெர்லியில் செய்த லீ–என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளில் பெயருக்குப் பதில் ‘எம்47சி’ என்ற ரகசியக் குறிதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘இது பி.எஸ்.ஏ. இல்லை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இதற்கு நேரெதிரும் நடக்கும். சைக்கிள் பெடல் அச்சைத் தாங்கும் கப்பில் ‘பி.எஸ்.ஏ.’ என்று இருந்தால், அது எந்தக் கம்பெனி செய்தது என்பதைச் சொல்வதில்லை. மரையின் அளவைச் சொல்கிறது: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, செயின் பக்கத்துக் கப் மட்டும் தலைகீழ்த் திருகு. ஜப்பானிலும் தைவானிலும் செய்த கப்பிலும் அந்த மூன்றெழுத்து இருக்கும்.