கடற்கரையில் கைத்துப்பாக்கி: பிரித்துத் துடைப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பட்டாளத்துக்காரர்கள் எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் நிறையப் பேர். சிலரிடம் லைசென்ஸ் பிஸ்டல் இருக்கிறது. சர்வீஸில் எங்கள் கைக்குப் பழகியது ஈஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 எம்எம் 1ஏ பிஸ்டல். அந்தத் தோட்டா அளவு சாதாரண லைசென்ஸில் கிடைக்காது என்பதால் வீட்டில் இருப்பது பாயிண்ட் 32 அளவு பிஸ்டல். என்னிடம் இருப்பதும் அதுதான். "அண்ணே, பிரிச்சுட்டேன், மாட்ட வரலை" என்று அடிக்கடி போன் வரும். போய்ப் பார்த்தால், பெரும்பாலும் அந்தத் துப்பாக்கியை அவ்வளவு தூரம் பிரித்திருக்கவே வேண்டியதில்லை.

உப்புக்காற்றுக்குப் பயந்துதான் வாராவாரம் பிரிக்கிறார்கள். பயம் நியாயமானது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் துருவைச் சோதிப்பதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் எங்கள் காற்று எப்படிப்பட்டது என்று புரியும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். இங்கே விடிகாலையில் அந்த அளவு ஈரம் சாதாரணம். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியில் விரலை வைத்து நக்கிப் பார்த்தால் கரிக்கும். ஆனால் அந்த உப்பு முதலில் உட்காருவது ஸ்லைடின் (துப்பாக்கியின் மேலே முன்பின்னாக நகரும் இரும்புப் பகுதி) மேல்பக்கம், பாரல் (குழல்) வாய், ஸ்க்ரூ தலை, கைவியர்வை படும் இடங்கள் ஆகியவற்றில்தான். அங்கெல்லாம் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு போதும். சுட்ட பிறகும், மாதம் ஒருமுறையும் ஸ்லைடு, பாரல், ரீகாயில் ஸ்பிரிங் (பின்னால் போன ஸ்லைடை முன்னுக்குத் தள்ளுவது), மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) என்ற அளவுக்குப் பிரித்தால் சரி. அதற்கு உள்ளே போவது ஆர்மரர் (துப்பாக்கி மெக்கானிக்) வேலை.

தோட்டாவை எடுக்கும் வரிசையில் தவறு நடந்தால் உயிர் போகும். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். அப்புறம்தான் ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசை மாறி, ஸ்லைடை முதலில் இழுத்தால் சேம்பரில் (பாரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) இருந்த தோட்டா வெளியே விழும். மேகசினில் இருக்கும் அடுத்தது உள்ளே ஏறிவிடும். விழுந்த தோட்டாவைப் பார்த்து காலி என்று நம்பி, மேகசினையும் கழற்றி வைத்துவிட்டு ட்ரிகரைத் தொடுபவர்கள் இருக்கிறார்கள். கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலைச் சேம்பருக்குள் விட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். சில மாடல்களைப் பிரிக்க ட்ரிகரை அழுத்தியே ஆக வேண்டும் என்பதால் இதை நான் விடாமல் சொல்கிறேன்.

அடுத்தது உட்காரும் இடம். எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் திண்ணையில் பாய் விரித்து, ஸ்லைடின் பின்பக்கத் தகட்டை இறக்கினார். ஃபயரிங் பின்னும் (தோட்டாவின் அடியில் குத்தும் ஊசி) அதன் ஸ்பிரிங்கும் அந்தத் தகட்டுக்குப் பின்னால் அழுத்தத்தில் நிற்கின்றன. கட்டைவிரலால் அவர் மூடிப் பிடிக்கவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். இரண்டும் முற்றத்து மணலில். ஃபயரிங் பின் உடனே கிடைத்தது. ஸ்பிரிங்கைத் தேடிப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் விட்டால், கொத்துக் கொத்தாகக் கருமணல்தான் ஒட்டி வருகிறது. பொழுது சாயும் நேரத்தில் மதினி மாவுச் சல்லடையோடு வந்து உட்கார்ந்து சலித்துக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கிடைக்காமல் போயிருந்தால் பக்கத்து லேத் பட்டறையில் செய்துகொள்ளவும் முடியாது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும்.

ஆகவே கதவைச் சாத்திய அறை, மின்விசிறி நிறுத்தம், அகலத் தாம்பாளத்தில் வெள்ளைத் துண்டு. ஸ்பிரிங் கழற்றும் கட்டத்தில் உள்ளே தெரிகிற பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் இரண்டு கைகளையும் விட்டுச் செய்தால் பறந்தாலும் கவருக்குள்ளேயே கிடக்கும்.

மாட்டும்போது போகவில்லையென்றால் தட்டாதீர்கள். ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் பின்னை அம்மிக்குழவியால் தட்டி ஏற்றிய ஒரு துப்பாக்கியைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. 1ஏயில் அந்தப் பின், ரீகாயில் ஸ்பிரிங்குக்குள் நிற்கும் கைடு என்கிற கம்பியின் தலையிலுள்ள ஓட்டை வழியாகப் போக வேண்டும். கைடு ஒரு நூல் அளவு திரும்பியிருந்தாலும் பின் நுழையாது. கழற்றி, கைடைத் திருப்பி வைத்தால் விரலாலேயே ஏறும். பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேகசின் ஸ்பிரிங்கின் எந்த முனை மேலே இருந்தது என்பதையும் சேர்த்து. அதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, தோட்டா ஏறவில்லை என்று துப்பாக்கியைக் குறை சொல்பவர்கள் நிறைய.

ஸ்லைடு இல்லாமல் ஹேமரை (ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தி) அடிக்க விடாதீர்கள்; அது நேராக ஃபிரேமில் (துப்பாக்கியின் உடல்) மோதும். இன்னொன்று, மாட்டி முடித்து ட்ரிகரை அழுத்தினால் ஹேமர் விழவில்லை என்று பதறி மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவது. 1ஏ போன்ற சில மாடல்களில் மேகசின் உள்ளே இல்லாவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது. அது பாதுகாப்புக்காகவே வைத்தது. காலி மேகசினைப் போட்டு, சுவர்ப்பக்கம் காட்டி, சோதித்துப் பாருங்கள்.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து ஸ்லைடை மந்தமாக்கும். மண்ணெண்ணெய் அழுக்கோடு இருக்கிற எண்ணெய்ப்பசையையும் எடுத்துவிடும். கழுவிவிட்டு அப்படியே வைத்தால் வெறும் இரும்பு உப்புக்காற்றில் நிற்கும், சீக்கிரமே செம்புள்ளி விழும். துப்பாக்கி எண்ணெயோ, அது கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெயோ போதும். மெல்லிய படலமாக. பாரலை, முடிந்தால், சேம்பர் பக்கமிருந்து துடையுங்கள். வாய்ப்பக்கமிருந்து கம்பி விட்டால் உரசி விளிம்பு தேயும். குறி தவறுவது அங்கிருந்துதான்.

தோல் உறையில் வைத்துப் பூட்டுவது எங்கள் ஊர்க்காரர்களின் தீராத பழக்கம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதைப் பதப்படுத்திய உப்பும் அமிலமும் இரும்பைத் தின்னும். எண்ணெய்த் துணியில் சுற்றி, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். தேர்தல் வந்து துப்பாக்கியை ஒப்படைக்கும்போதும் உறையோடு கொடுக்காதீர்கள். வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். திரும்பி வந்த அன்றைக்கே பிரித்துப் பாருங்கள்.

பழைய வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு கிழித்துத் தினமும் அதனால் துடைக்கிறேன். சுட்ட பிறகும் மாதம் ஒருமுறையும் பிரிப்பதைத் தவிர, துணியில் பழுப்பு ஒட்டாத வரை என் பிஸ்டலை நான் கழற்றுவதில்லை.