ஆஸ்கரும் ஜாக் டெம்ப்சியும் ஒரே தொட்டியில்

முரட்டு மீன் வகைகள் இரண்டை ஒன்றாக வளர்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அவற்றின் குணத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். தொட்டியின் நீளத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் சிக்லிட் குடும்பத்து மீன்கள் போடும் சண்டையில் பெரும்பகுதி இடத்துக்கான சண்டை. தங்கும் பொந்து, முட்டையிடத் தோதான கல், இரை வந்து விழும் மூலை ஆகியவற்றை அவை தமக்கென்று வளைத்துக்கொண்டு காவல் காக்கின்றன. மீனின் சுபாவத்தை நம்மால் மாற்ற இயலாது. அது காவல் காக்கும் எல்லையைத் தீர்மானிக்க இயலும். இங்கே சொல்லப்படுவன எல்லாம் அந்த எல்லையை வகுப்பது பற்றியவையே.

ஆஸ்கர், ஜாக் டெம்ப்சி என்னும் இரண்டு சிக்லிட் மீன்களையும் நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அமேசான் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த ஆஸ்கர், வளர்ந்தபின் 30 செ.மீ. நீளத்தை எட்டும், தொட்டியின் நடுநீரில் உலவுவதையே விரும்பும், உருவத்தில் பெரியதாக இருந்தாலும் அசைவில் சற்று மந்தமானது. தெற்கு மெக்சிகோ முதல் ஹோண்டுராஸ் வரையுள்ள நீர்நிலைகளைச் சேர்ந்த ஜாக் டெம்ப்சி 20 முதல் 25 செ.மீ. வரையே வளரும், ஆனால் அடித்தளத்தில் ஒரு குகையைப் பிடித்துக்கொண்டால் அதை எளிதில் விட்டுக்கொடுக்காது. 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை வைத்திருந்தவரின் பெயரை இதற்கு வைத்தவர்கள், இதன் முகத்தையும் சுபாவத்தையும் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று மேலே, மற்றொன்று கீழே என்று இரண்டின் விருப்பமும் பிரிந்திருப்பதும், நிறத்திலும் உடலமைப்பிலும் ஒன்றையொன்று ஒத்திராததும் நமக்குச் சாதகமானவை. ஏனெனில் தன்னைப் போலத் தோற்றமளிக்கும் மீனையே சிக்லிட்டுகள் முதல் போட்டியாளனாகக் கருதித் தாக்குகின்றன. இதே காரணத்தால் ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு மீன் போதும். ஃப்ளவர்ஹார்ன் போன்ற கலப்பின மீனை இந்தக் கூட்டில் சேர்க்க நினைப்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். அது தனித்து வளர்வதே அதற்கும் நமக்கும் நிம்மதி.

தொட்டி 180 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் கொண்டதாக இருந்தால் சுமார் 540 லிட்டர் கொள்ளும். 120 செ.மீ. தொட்டியில் இரண்டையும் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், அங்கே தோற்ற மீன் ஓடி ஒதுங்குவதற்குத் தொலைவு கிடையாது. துரத்தல் எப்போதும் கண்ணாடிச் சுவரில் முட்டித்தான் நிற்கும். உயரத்தை விட நீளமும் அகலமும் முக்கியம், ஏனெனில் எல்லைகள் தரையில்தான் வகுக்கப்படுகின்றன. தண்ணீரின் எடை மட்டுமே அரை டன்னைத் தாண்டும் என்பதால், தாங்கு மேசையையும் தரையின் உறுதியையும் தொட்டி வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

உள்ளமைப்பில்தான் பாதி வெற்றி இருக்கிறது. தொட்டியின் ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனை தெரியாதபடி, பெரிய கற்களையும் மரக்கட்டைகளையும் கொண்டு இரண்டு மூன்று இடங்களில் பார்வையை மறிக்க வேண்டும். கண்ணில் படாத எதிரியை எந்த மீனும் துரத்துவதில்லை. குகைகள் மீன்களின் எண்ணிக்கையை விட அதிகமாக இருக்கட்டும். ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வாசல்கள் இருப்பது நல்லது, ஒரே வாசல் உள்ள குகைக்குள் சிக்கிய மீனால் தப்ப முடியாது. இரண்டு வகைகளுமே மணலைத் தோண்டும் பழக்கம் உடையவை. ஆகவே கற்களை மணலின் மேல் வைக்காமல், அடிக்கண்ணாடியின் மேல் நேராக அமர்த்திவிட்டுப் பிறகு மணலைப் பரப்ப வேண்டும். இல்லையேல் ஒருநாள் கல் சரிந்து மீனையோ கண்ணாடியையோ சிதைத்துவிடும். செடிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆஸ்கர் அவற்றைப் பிடுங்கி மிதக்க விடும். கண்ணாடிக் குழாய் ஹீட்டரை ஆஸ்கர் வாலால் மோதி உடைக்கக்கூடும் என்பதால் அதற்குப் பாதுகாப்புக் கூடு அவசியம். மூடியும் கனமாக இருக்க வேண்டும், ஏனெனில் மிரண்ட ஆஸ்கர் துள்ளி வெளியே விழும்.

இவை இரண்டும் நிறையத் தின்று நிறையக் கழிவை வெளியேற்றும் மீன்கள். ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீரை ஐந்தாறு மடங்கு சுழற்றும் திறனுள்ள கானிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) பொருத்தி, மீன் விடுவதற்கு முன் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதில் பெருக அவகாசம் தர வேண்டும். பரிசோதனையில், மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகக் காட்டிய பின்னரே தொட்டி தயார் என்று கொள்ளலாம். அதன்பின் வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கிய புதிய நீரால் மாற்ற வேண்டும். வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இரண்டுக்கும் ஏற்றது. அதில் 25 டிகிரியை ஒட்டிய கீழ்நிலையை நான் பரிந்துரைக்கிறேன், வெப்பம் கூடும்போது இம்மீன்களின் முட்டையிடும் வேட்கையும் அதனுடன் சேர்ந்து மூர்க்கமும் கூடுகின்றன.

மீன்களை விடும் முறையில் பலர் தவறுகிறார்கள். ஒரு மீனை முதலில் விட்டுச் சில மாதங்கள் கழித்து மற்றதைச் சேர்த்தால், முழுத் தொட்டியையும் தன்னுடையது என்று எண்ணிப் பழகிவிட்ட முதல் மீன், புதிதாக வந்ததை அத்துமீறி நுழைந்ததாகவே நடத்தும். இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள இளமீன்களாக, ஒரே நாளில் விடுவதே சிறந்தது. ஆஸ்கர் வேகமாக வளர்ந்து முந்திவிடும் என்பதால், டெம்ப்சி தொடக்கத்தில் சிறிது பெரியதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒன்றின் வாய்க்குள் மற்றது நுழையும் அளவு வேறுபாடு மட்டும் எக்காலத்திலும் கூடாது. ஒன்று ஏற்கெனவே தொட்டியில் இருக்கிறது என்றால், அதை ஒரு வாளிக்கு மாற்றி, கற்களையும் கட்டைகளையும் முற்றிலும் இடம் மாற்றி அடுக்கிவிட்டு, விளக்கை அணைத்து இரண்டையும் சேர்த்து உள்ளே விடலாம். பழைய எல்லைகள் அழிந்துபோவதால் இரண்டுமே அந்த இடத்துக்குப் புதியவை ஆகிவிடுகின்றன.

உணவைப் பொறுத்தவரை, பெரிய சிக்லிட்டுகளுக்கான பெல்லட்டுகளை முதன்மையாகக் கொண்டு, இறால் போன்றவற்றை இடையிடையே தரலாம். தொட்டியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் உணவைப் போட்டால் ஒரு மூலைக்காக மோத வேண்டிய தேவை குறையும். உயிருள்ள தங்கமீன்களை இரையாகப் போடுவது காண்போருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அவற்றின் உடலில் உள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கிறது, நோய்களும் அவற்றின் வழியே தொட்டிக்குள் வந்து சேர்கின்றன.

முதல் இரண்டு வாரங்களில் சண்டையே இருக்காது என்று எதிர்பார்க்கக் கூடாது. செவுள் மூடிகளை விரித்துக் காட்டுவதும், உடலைப் பக்கவாட்டில் திருப்பி வாலால் தண்ணீரை அடிப்பதும், நிறம் கருத்துப்போவதும் வெறும் மிரட்டல்களே. வாயோடு வாய் கவ்விச் சில நொடிகள் இழுப்பதும்கூட வலிமையை அளந்து பார்க்கும் முறைதான். இந்த நிலையில் பதறிக் கையை விட்டுக் கலைத்தால், தீராத அந்தக் கணக்கு மறுநாள் மீண்டும் தொடங்கும். எது மேல், எது கீழ் என்பது முடிவானதும் பெரும்பாலும் அமைதி திரும்பும். கவலைப்பட வேண்டியது தோற்ற மீனின் நடத்தையைப் பார்த்துத்தான். அது ஹீட்டருக்குப் பின்னாலோ நீர்மட்டத்தின் மூலையிலோ துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு நின்றாலும், இரண்டு நாட்கள் உணவுக்கு வரவில்லை என்றாலும், செதில்கள் உதிர்ந்திருந்தாலும், அதன் பின்னும் மற்றது துரத்துவதை நிறுத்தவில்லை என்றாலும் உடனே பிரிக்க வேண்டும். ஆஸ்கர் தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கிடப்பதை மட்டும் அடியின் விளைவு என்று அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். தொட்டியில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் அது அப்படி முகம் தூக்கிக்கொள்ளும்.

பிரிப்பதற்குத் தொட்டியின் குறுக்கே பொருத்தும் துளையிட்ட தடுப்புப் பலகை ஒன்றை முதல் நாளிலேயே வாங்கி வைத்திருப்பது நல்லது. தண்ணீர் ஊடே செல்லும், மீன்கள் ஒன்றையொன்று பார்க்கும், ஆனால் தொட முடியாது. காயம் ஆறும் வரை ஒன்றிரண்டு வாரங்கள் அப்படியே விட்டு, கற்களை மீண்டும் இடம் மாற்றியபின் தடுப்பை எடுத்துப் பார்க்கலாம். இரண்டாவது முறையும் அதே துரத்தல் தொடர்ந்தால் மூன்றாவது முயற்சி தேவையில்லை. ஒன்றை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும், அல்லது வளர்க்க இடமுள்ள இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் குளத்திலோ ஆற்றிலோ விடலாகாது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் அயல் மீனான ஆஸ்கர் இன்று இயற்கை நீர்நிலைகளில் நிலைபெற்றுப் பெருகியிருக்கிறது.