சித்தப்பாவோட வாடகைப் பாத்திரக் கடைக்கு ஒரு வெப்சைட்: முதல் தடவை போடறவங்களுக்கு படிப்படியா

எங்க சித்தப்பா உசிலம்பட்டி பக்கம் வாடகைப் பாத்திரக் கடை வச்சிருக்காரு. அண்டா, தவலை, இட்லி கொப்பரை, சேர், ஜமுக்காளம், பந்தல்னு எல்லாம் உண்டு. முகூர்த்த மாசம் வந்துட்டா போன் ஓயாது, வர்றவங்க எல்லாரும் கேக்குறதும் ஒரே கேள்விதான், எறநூறு பேருக்கு சமைக்க என்னென்ன வேணும், எவ்வளவு ஆகும். "ஏன்டா, இத ஒரு எடத்துல எழுதிப் போட்டுட்டா லிங்க்க அனுப்பிட்டு நான் பாட்டுக்கு லோடு ஏத்தப் போயிரலாம்ல"ன்னாரு. அப்படி ஆரம்பிச்சதுதான். கோடிங் ஒரு வரி எழுதாம, சைட் போடறதுக்குன்னே இருக்குற வேர்ட்பிரஸ்ங்குற சாஃப்ட்வேர் வச்சு போட்டேன், அந்த வரிசையிலயே சொல்றேன்.

தொடங்குறதுக்கு முன்னாடி ஒன்னு. இதுல நீங்க என்ன தப்பு பண்ணாலும் அழிச்சிட்டு மறுபடி பண்ணிக்கலாம், தீம், அதாவது சைட்டோட தோற்றம், பிடிக்கலன்னா மாத்திக்கலாம், சைட்டே படுத்துருச்சுன்னா திரும்ப இன்ஸ்டால் பண்ணிக்கலாம். கைய விட்டுப் போனா திரும்பக் கெடைக்காம போகக்கூடியது டொமைன் பேரு, அதாவது டாட் காம், டாட் இன்னு முடியுற சைட்டோட விலாசம், மட்டும்தான். அதனால அங்க மட்டும் அவசரப்படாதீங்க.

படி 1: பேரு

டொமைன் "வாங்குறோம்"னு சொல்றோமே தவிர அது வாடகைதான். வருஷக் கணக்குல கட்டணும், ஒரே மூச்சுல அதிகபட்சம் 10 வருஷத்துக்கு கட்டலாம். டாட் காம் பேருங்கள வெரிசைன்ங்குற கம்பெனி, டாட் இன் பேருங்கள நிக்ஸிங்குற அமைப்பு பாத்துக்குறாங்க, ஆனா நாம நேரா அங்க போக முடியாது, ரெஜிஸ்ட்ரார்னு இருக்குற கம்பெனிங்க மூலமாத்தான் எடுக்கணும். சித்தப்பாவுக்கு இது சட்டுனு புரிஞ்சிருச்சு. "அப்ப நாள் தாண்டுனா ஃபைனா?"ன்னாரு. கொஞ்ச நாளைக்கு ஃபைன் சித்தப்பா, அதுக்கும் மேல போனா அண்டாவையே வேற ஆளுக்கு குடுத்துருவாங்க.

பேரு தேடும்போது நம்ம ஊர் தலைவலி ஒன்னு இருக்கு, ஸ்பெல்லிங். பேர்ல ழகரம் வந்தா ஒருத்தர் 'இசட் எச்' போடுவாரு, இன்னொருத்தர் 'எல்' போடுவாரு, நெடிலுக்கு ஒரு 'ஏ'வா ரெண்டு 'ஏ'வான்னு அது வேற. நான் பண்ணது, நாலு பேர எழுதி வச்சுக்கிட்டு ரெண்டு சொந்தக்காரங்களுக்கு போன் போட்டு வாயால சொல்லி டைப் பண்ணி அனுப்பச் சொன்னேன், ரெண்டு பேரும் ஒரே மாதிரி அனுப்புனது ஒன்னுதான், அதையே எடுத்துட்டோம். நடுவுல கோடு போட்ட பேரும் வேணாம், போன்ல சொல்ல முடியாது. தமிழ் எழுத்துலயே டாட் இந்தியான்னு முடியுற பேரு எடுக்கலாம், டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் கூட இருக்கு. ஆசையாத்தான் இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள அது இங்கிலீஷ் எழுத்தா மாறித்தான் ஓடுது, சில எடத்துல ஒட்டுனா புரியாத எழுத்தா தெரியும், அந்தப் பேர்ல மெயில் வைக்கிறதும் லேசு இல்ல. முதல் சைட்டுக்கு வேணாம்னு என் எண்ணம்.

ரிஜிஸ்டர் பண்ணும்போது மெயில் ஐடி உங்களோடதா இருக்கணும், சைட் போட்டுத் தர்றவரோடது இல்ல. எனக்கு பட்ட அனுபவம் இருக்கு. முன்னாடி ஒரு பேர பிரண்ட் ஒருத்தன் அவன் மெயில்ல எடுத்துக் குடுத்தான், அப்புறம் அவன் வேலை மாறிட்டான், அந்த மெயிலயே திறக்குறது இல்ல, ரினியூவல் நோட்டீஸ் எல்லாம் அங்கயே போய் தூங்கிருக்கு. நான் பாக்கும்போது அந்தப் பேர்ல யாரோ விளம்பரப் பக்கம் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. இன்னொன்னு, டாட் காம் மாதிரி பேரு எடுத்ததும் மெயிலுக்கு ஒரு வெரிஃபிகேஷன் லிங்க் வரும். ஸ்பேம்னு நெனச்சு விட்டுட்டா 15 நாள்ல பேர நிறுத்தி வச்சிருவாங்க.

படி 2: ஹோஸ்டிங்

சைட்டோட ஃபைல் எல்லாம் ராத்திரி பகலா ஆன்லயே இருக்குற ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கணும், அதுல கொஞ்சம் எடம் வாடகைக்கு எடுக்குறதுதான் ஹோஸ்டிங். கடை சைட்டுக்கு ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது ஒரே கம்ப்யூட்டர பல சைட்டுங்க பங்கு போட்டுக்குறது, தாராளம். விளம்பரத்துல போட்டிருக்க மாச ரேட்ட நம்பாதீங்க, அது மூணு நாலு வருஷம் மொத்தமா கட்டுனா முதல் தடவைக்கு மட்டும் வர்ற ரேட்டா இருக்கும், கீழ பொடி எழுத்துல ரினியூவல் ரேட் வேற இருக்கும், அதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. நான் 1 வருஷம்தான் எடுத்தேன். ஹோஸ்டிங்க நாமளே பாத்துக்க சிபேனல் மாதிரி ஒரு கன்ட்ரோல் பேனல், சைட்ட பாதுகாப்பா திறக்க வைக்கிற எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் இலவசமா, டெய்லி பேக்கப், முடிஞ்சா இந்தியாவுல சர்வர், இவ்வளவு இருந்தா போதும். "டொமைன் ஃப்ரீ"ன்னு கூடவே தருவாங்க, நான் எடுக்கல. பேரு ஒரு எடத்துலயும் சைட்டு ஒரு எடத்துலயும் இருந்தா, ஹோஸ்டிங் சரியில்லன்னா சைட்ட மட்டும் தூக்கிட்டு வந்துரலாம்.

படி 3: ரெண்டையும் சேக்குறது

ஹோஸ்டிங் எடுத்ததும் வர்ற மெயில்ல நேம்சர்வர்னு ரெண்டு பேரு இருக்கும், நம்ம சைட்டு எங்க இருக்குன்னு வழி காட்டுறது அதுதான். அத காப்பி பண்ணி டொமைன் எடுத்த எடத்துல நேம்சர்வர் பகுதியில ஒட்டி சேவ் பண்ணுங்க. அவ்வளவுதான் வேலை, ஆனா உடனே திறக்காது, பெரும்பாலும் சில மணி நேரத்துல வந்துரும், 48 மணி நேரம் வரைக்கும் கூட ஆகலாம். உங்க மொபைல் நெட்ல திறக்கும், பக்கத்து வீட்டு வைஃபையில திறக்காது, பயப்படாதீங்க, ஒவ்வொரு நெட்வொர்க்கும் பழைய விலாசத்த கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சிருக்கும். திறக்கலையேன்னு திரும்பத் திரும்ப மாத்துனீங்கன்னாதான் சிக்கல். சைட்டு திறக்க ஆரம்பிச்சதும் சிபேனல்ல எஸ்எஸ்எல் ஆன் பண்ணுங்க, முன்னாடியே பண்ணா எர்ரர் வரும். லெட்ஸ் என்கிரிப்ட்னு இலவசமா கெடைக்கிற சர்டிஃபிகேட்டா இருந்தா கொஞ்ச நாளைக்குத்தான் செல்லும், அடிக்கடி புதுப்பிக்கணும், அத ஹோஸ்டிங்கே தானா பண்ணிக்கும்.

படி 4: வேர்ட்பிரஸ்

வேர்ட்பிரஸ் டாட் காம்னு ஒன்னு இருக்கு, டாட் ஆர்க்னு ஒன்னு இருக்கு. காம் அவங்களே சைட்ட வச்சு நடத்தித் தர்ற சேவை, ஆர்க்ல கெடைக்கிறது நம்ம ஹோஸ்டிங்ல போட்டுக்குற இலவச சாஃப்ட்வேர், நமக்கு வேண்டியது இது. டவுன்லோடு எல்லாம் வேணாம், சிபேனல்லயே சாஃப்டாகுலஸ்னு இருந்தா அதுல வேர்ட்பிரஸ் இன்ஸ்டால் அழுத்துங்க. இங்க நெறைய பேரு விழுற குழி ஒன்னு, டைரக்டரின்னு ஒரு கட்டத்துல சில எடத்துல 'டபிள்யூபி'ன்னு தானாவே எழுதியிருக்கும், இருந்தா அத அழிச்சு காலியா விடணும், இல்லன்னா உங்க சைட்டு பேருக்குப் பின்னாடி அதையும் சேத்து அடிச்சாத்தான் திறக்கும். யூசர்நேம் 'அட்மின்'னு வைக்காதீங்க, பாஸ்வேர்டு திருட வர்ற புரோகிராம் எல்லாம் முதல்ல தட்டுற கதவே அதுதான்.

உள்ள நுழைஞ்சதும் "ஹலோ வேர்ல்டு"ங்குற மாதிரி போஸ்டயும் சாம்பிள் பேஜையும் அழிச்சிருங்க. செட்டிங்ஸ்ல ஜெனரல் போய் டைம்சோன கொல்கத்தான்னு மாத்துங்க. ரீடிங்ல கூகுள் மாதிரி சர்ச் எஞ்சின வர வேணாம்னு சொல்ற கட்டம் ஒன்னு இருக்கும், வேலை முடியுற வரைக்கும் அதுல டிக் போட்டு வைங்க, முடிஞ்சதும் மறக்காம எடுத்துருங்க. பெர்மாலிங்க்ஸ்ல, அதாவது ஒவ்வொரு பக்கத்தோட லிங்க் எப்படி இருக்கணும்னு சொல்ற எடத்துல, போஸ்ட் நேம் தேர்ந்தெடுங்க.

தமிழ்ல எழுதுறவங்க இந்த பெர்மாலிங்க்ல இன்னும் ஒரு நிமிஷம் நில்லுங்க. தமிழ்ல தலைப்பு வச்சா லிங்க்கும் தமிழ்லயே வரும், பிரவுசர்ல அழகாத்தான் தெரியும், வாட்ஸப்ல ஒட்டுனா சதவீதக் குறியும் நம்பருமா முழ நீளத்துக்கு போகும். காரணம், ஒவ்வொரு தமிழ் எழுத்தும், கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணி, லிங்க்ல 9 எழுத்தா மாறுது. வேர்ட்பிரஸ் அதுக்கு ஒதுக்கியிருக்கது 200 எழுத்துக்கான எடம், அப்ப 22க்கு மேல போனா வால வெட்டிரும். அதனால தலைப்பு தமிழ்ல இருக்கட்டும், லிங்க்க மட்டும் கையால இங்கிலீஷ்ல சின்னதா மாத்திருங்க.

படி 5: உள்ள என்ன போடறது

தீம் தேடியே மூணு நாள் ஓட்டுறவங்கள பாத்திருக்கேன். கூடவே வர்ற தீமே போதும், மேல போங்க. தமிழ் எழுத்துக்கு முக்த மலர், காட்டமரன், ஹிந்த் மதுரைன்னு இலவச ஃபான்ட் கூகுள் ஃபான்ட்ஸ்ல இருக்கு, ஒன்னு மட்டும் போடுங்க.

பக்கம் மூணு போட்டோம்: முகப்பு, சாமான் பட்டியல், தொடர்புக்கு. பட்டியல ஏற்கனவே நோட்டீஸ் அடிச்ச டிடிபி சென்டர்ல ஃபைலா வாங்கிட்டு வந்து ஒட்டுனா, ஒரே இங்கிலீஷ் எழுத்தா கன்னாபின்னான்னு வந்துச்சு. அது பாமினிங்குற பழைய முறை ஃபான்ட்ல அடிச்சது, அந்த ஃபான்ட் இல்லாத எடத்துல இங்கிலீஷ் எழுத்தாத்தான் தெரியும், வெப்சைட்டுக்கு எல்லா போன்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடுதான் வேணும். மாத்தித் தர்ற கன்வெர்ட்டர் இலவசமாவே கெடைக்கும், மாத்துனதுக்கு அப்புறம் ஒரு தடவை முழுசா படிச்சுப் பாருங்க.

அப்புறம் அந்த எறநூறு பேர் கேள்வி. நூறு பேருக்கு, எறநூறு பேருக்கு, ஐநூறு பேருக்குன்னு மூணு அட்டவணை, எத்தன அண்டா, எத்தன கரண்டி, வாடகை எவ்வளவு, ஒடஞ்சா காணாமப் போனா எவ்வளவு பிடிப்போம், எல்லாம் சித்தப்பா வாயால சொல்லச் சொல்ல அடிச்சேன். சைட்டுல உருப்படியான பக்கம் அது ஒன்னுதான், மத்ததெல்லாம் சும்மா அலங்காரம். போன்ல எடுத்த போட்டோ நாலஞ்சு எம்பி இருக்கும், அப்படியே ஏத்தாதீங்க, அகலம் 1200 பிக்சலுக்கு கொறச்சு ஏத்துங்க, பாக்குறவங்க ஊர்ல டவர் எப்படி இருக்கோ. வாட்ஸப் பட்டனுக்கு லிங்க், 'டபிள்யூஏ டாட் எம்இ' போட்டு ஒரு சாய்கோடு, 91, ஒட்டுனாப்புல 10 இலக்க மொபைல் நம்பர், முன்னாடி பிளஸ்ஸோ சைபரோ போடக்கூடாது.

படி 6: பேக்கப், கூகுள்

பிளகின், அதாவது வேர்ட்பிரஸ்ல கூடுதலா சேக்குற சின்ன புரோகிராம், கண்டதையும் போடாதீங்க, ஆனா பேக்கப்புக்கு ஒன்னு கட்டாயம். நான் அப்டிராஃப்ட்பிளஸ் போட்டு கூகுள் டிரைவுக்கு வாரம் ஒரு தடவை போற மாதிரி வச்சிருக்கேன். சைட்டுல ஒன்னும் இல்லாத இந்த நேரத்துலயே பேக்கப்ல இருந்து சைட்ட ஒரு தடவை ரெஸ்டோர் பண்ணிப் பழகிக்கோங்க.

கடைசியா அந்த ரீடிங் டிக்க எடுத்துட்டு நம்ம சைட்ட கூகுளுக்கு தெரியப்படுத்துற கூகுள் சர்ச் கன்சோல்ல சைட்ட சேத்து, பக்கங்களோட பட்டியலான சைட்மேப்ப குடுங்க, 2020ல வந்த 5.5 வெர்ஷன்ல இருந்து வேர்ட்பிரஸ் அத தானே உண்டாக்கிருது. தேடுனா வர்றதுக்கு சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். எங்களுக்கு அதுக்குள்ளயே லிங்க் வாட்ஸப்ல சுத்த ஆரம்பிச்சிருச்சு. போன் வர்றது நிக்கல. "லிங்க்க பாத்தேண்ணே, எறநூறு பேர் ரேட்டுல கொஞ்சம் பாத்து போட்டுக் குடுங்க"ன்னு வருது.